பத்துக்குப் பத்து அறைக்கு 8 இஞ்ச் மானிட்டர் ஸ்பீக்கர் சரியா வருமா?

தங்கச்சிமடத்தான்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதுறேன்.

எங்க தெருவுல கரைவலை இழுக்கும்போது பாடுற அம்பாப் பாட்டு முழுசாத் தெரிஞ்ச பெரியவங்க நாலு பேர்தான் மிச்சம். ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்கினதும் விசைப்படகு எல்லாம் கரையேறிடுச்சு, இஞ்சின் சத்தம் இல்ல. சரி, இதை விட்டா நேரம் கிடைக்காதுன்னு அவங்களை உக்கார வச்சு 11 பாட்டு பதிவு பண்ணிட்டேன். பதிவு நல்லாவே வந்திருக்கு. அதுக்குப் பின்னாடி கொஞ்சம் பேஸ் கிட்டார், கிக் டிரம், உடுக்கை சேத்து மிக்ஸ் பண்றேன். தலைவலி அங்கதான்.

வீட்ல கேட்டா அருமையா இருக்கு. மச்சான் கார்ல போட்டா கிக் 'தொம் தொம்'னு கதவே அதிருது. பாடுற தாத்தாவோட குரல் மட்டும் காஞ்ச கருவாடு மாதிரி சதையே இல்லாம கேக்குது. வீட்டுக்கு வந்து பேஸைக் குறைச்சா இங்க ஒண்ணுமே கேக்கல. நாலு தடவை இப்படி நடந்தாச்சு.

இப்ப வச்சிருக்கிறது அப்பா காலத்து ரெண்டு பாக்ஸும் ஒரு பழைய ஆம்ப்பும். அதுதான் காரணம்னு முடிவு பண்ணி, ஸ்டுடியோவுல மிக்ஸ் பண்ண வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கலாம்னு இருக்கேன். கையில 30 ஆயிரம் இருக்கு, கொஞ்சம் புரட்டினா 40. பேஸ் கேக்கலைங்கிறதால 8 இஞ்ச் கோன் உள்ளதா வாங்கச் சொல்றான் மச்சான். யமஹா எச்எஸ் 8 நல்லதா, இல்ல கேஆர்கே மஞ்சள் கோனா? அறை பத்துக்குப் பத்து.

காதுக்குள்ள

மண்டபத்துல இருந்து எழுதுறேன். 8 இஞ்ச்சும் வேணாம் 5 இஞ்ச்சும் வேணாம். அந்தக் காசுல நல்ல ஹெட்ஃபோன் வாங்குங்க. சென்ஹைசர் எச்டி 600 மாதிரி பின்பக்கம் திறந்த வகை. அறையோட வம்பே கிடையாது. நான் அஞ்சு வருஷமா அப்படித்தான் பண்றேன்.

மைக்செட் காக்கா

தம்பி, எனக்குக் கீழக்கரை. 32 வருசமா மைக்செட் தொழில். கந்தூரி, கல்யாணம், மீலாது மேடை, ஒண்ணு விடல. குழாய் ரேடியோவைத் தென்னை மரத்துல கட்டின காலத்துல இருந்து இன்னைக்கு 18 இஞ்ச் பேஸ் பாக்ஸ் வரைக்கும் பார்த்தாச்சு.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நம்ம பாக்ஸ் ஆளை ஆட வைக்கிறதுக்கு. மானிட்டர் தப்பைக் காட்டிக் கொடுக்கிறதுக்கு. மேடை பாக்ஸ்ல எதைப் போட்டாலும் நல்லாருக்கும், அதுதான் அதோட குத்தம். யமஹா என்எஸ் 10னு ஒரு வெள்ளைக் கோன் ஸ்பீக்கர். 1978ல வீட்ல பாட்டுக் கேக்கன்னு வந்து அங்க பெருசா எடுபடல, ஸ்டுடியோக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. மேல் சத்தம் போடுற ட்வீட்டர் ரொம்பக் கூசுதுன்னு அது மேல டிஷ்யூ பேப்பர் ஒட்டி வச்சுக் கேட்ட கதையெல்லாம் உண்டு. 2001ல நிப்பாட்டிட்டாங்க. பேஸும் இருக்காது, இனிமையும் இருக்காது. ஆனா அதுல நல்லா வந்துட்டா டீக்கடை ரேடியோ வரைக்கும் நல்லா வரும்னு ஒரு நம்பிக்கை. எச்எஸ் வரிசைக்கு வெள்ளைக் கோன் போட்டதே அந்த ஞாபகத்துலதான்.

பத்துக்குப் பத்துல 8 இஞ்ச் வைக்காதே. வள்ளத்துல விசைப்படகு இஞ்சினைக் கட்டின கதையாயிடும்.

அதிருக்கட்டும், அம்பாப் பாட்டுக்கு எதுக்குப்பா கிக்கு?

தங்கச்சிமடத்தான்

காக்கா, கிக் இல்லாம ஒரு தொகுப்பும் தனியா வைப்பேன், கோவிச்சுக்காதீங்க. பயலுக கேக்கணும்ல.

உச்சிப்புளி

ஊர் உச்சிப்புளி, பொழப்பு சென்னையில ஒரு மிக்ஸிங் ஸ்டுடியோவுல. மாடல் பேரெல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி. முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க.

அறை சரியாப் பத்துக்குப் பத்தா? உயரம் எவ்வளவு? சுவர் எதால ஆனது? மேசை எங்க இருக்கு, உங்க தலை எங்க இருக்கு? இந்தக் கார் பிரச்சினை ஆரம்பத்துல இருந்தே இருக்கா, இல்ல இப்பத்தானா?

கடைசிக் கேள்விதான் முக்கியம்.

தங்கச்சிமடத்தான்

அண்ணே, டேப் வச்சு அளந்தேன். 10 அடிக்கு 10 அடி, உயரமும் ஒரு சாண் குறைய 10. காங்கிரீட் தளம், சுவர் செங்கல் வச்சு சிமெண்ட் பூச்சு. கட்டி ஒரு வருஷம் ஆகுது. மேசை நடுவுல இருக்கு, சுத்தி வர்றதுக்கு வசதியா. நானும் நட்ட நடுவுலதான் உக்காருவேன். பின்னாடி பீரோ.

கடைசிக் கேள்வியைப் படிச்சப்புறம்தான் யோசிச்சுப் பார்த்தேன். முன்னாடி பழைய வீட்டு முற்றத்துல ஓலைக் கொட்டகை இருந்துச்சு. பனை ஓலைக் கூரை, சுத்தி ஓலைத் தட்டி. அங்க வச்சு ரெண்டு வருஷம் கோயில் திருவிழாப் பாட்டெல்லாம் மிக்ஸ் பண்ணேன், இதே பாக்ஸ், இதே ஆம்ப். கார்ல, போன்ல எல்லாம் ஒழுங்காத்தான் கேட்டுச்சு. புது வீட்டுக்கு வந்தப்புறம்தான் இந்தக் கூத்து.

உச்சிப்புளி

அப்ப பாக்ஸ் மேல பழி போடாதீங்க. அது பாவம்.

ஓலைத் தட்டி பேஸைப் பிடிச்சு வைக்காது, அப்படியே வெளிய விட்டுடும். நீங்க கேட்டது ஸ்பீக்கர்ல இருந்து நேரா வந்த சத்தம் மட்டும். போன பேஸ் திரும்பி வரல. காங்கிரீட் பெட்டிக்குள்ள அது எங்கயும் போக முடியாது. எதிர்ச் சுவர்ல மோதித் திரும்பி வந்து, புதுசா வர்ற அலையோட சேந்து, ஒரு இடத்துல கூடும், ஒரு இடத்துல ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். தண்ணித் தொட்டியில கையை வச்சு ஆட்டினா ஓரம் தளும்பும், நடு அப்படியே நிக்கும் பாருங்க, அதேதான்.

கணக்கு இதுதான். 30 டிகிரி வெக்கையில ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். உங்க அறை நீளம் 3.05 மீட்டர். வேகத்தை நீளத்தோட ரெட்டிப்பால வகுத்தா 57 ஹெர்ட்ஸ். அறையோட முதல் தளும்பல் அது. சுவரோரத்துல உச்சம், நட்ட நடுவுல பூஜ்யம். நீங்க உக்காந்திருக்கிறது சரியா அந்தப் பூஜ்யத்துல. கிக்கோட அடித்தளம் பெரும்பாலும் 50, 60 பக்கம்தான் இருக்கும். அது உங்க காதுக்கே வரல, அதான் ஏத்திக்கிட்டே போறீங்க. காருக்கு அது முழுசாப் போய்ச் சேருது.

குரலுக்கு வருவோம். ரெண்டாவது தளும்பல் 57ஓட ரெட்டிப்பு, 114. அதுக்கு நடுவுல பூஜ்யம் இல்ல, உச்சம். ஆம்பளைக் குரலோட அடிக்கட்டை அங்கதான் இருக்கு. அங்க சத்தம் கூடுதலாக் கேட்டதால நீங்க 110, 120 பக்கம் ஈக்யூல (சத்தத்தைப் பிரிச்சுக் கூட்டிக் குறைக்கிறதுல) வெட்டியிருப்பீங்க. தாத்தா குரல் கருவாடு ஆனது அப்படித்தான். வெட்டினீங்களா இல்லையா?

நீளம், அகலம், உயரம் மூணும் கிட்டத்தட்ட ஒரே அளவா இருக்கிறதால மூணு பக்கத்துத் தளும்பலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணுல வந்து விழுது. கனசதுர அறையை விட மோசமான அறை மிக்ஸிங்குக்குக் கிடையாது. இதுல 8 இஞ்ச் வச்சா என்ன ஆகும்? இல்லாத இடத்துல அப்பவும் இருக்காது. இருக்கிற இடத்துல இன்னும் வீங்கும்.

தங்கச்சிமடத்தான்

அண்ணே, ப்ராஜெக்டைத் திறந்து பார்த்தேன். 118ல 5 டெசிபல் வெட்டியிருக்கேன். 55ல 6 ஏத்தியிருக்கேன். கை நடுங்கிடுச்சு.

கொட்டகையில பேஸ் வெளிய போச்சுங்கிறதும் உண்மைதான். பக்கத்து வீட்டு அப்பத்தா ராத்திரி பத்து மணிக்கு வந்து திட்டும்.

காதுக்குள்ள

அதனாலதான் முதல்லயே சொன்னேன். ஹெட்ஃபோனுக்கு ஏது 57, ஏது 114?

உச்சிப்புளி

தம்பி சொல்றதுல பாதி சரி. பேஸ் அளவைச் சரிபார்க்க ஹெட்ஃபோன் நல்ல சாட்சி, அதை நான் மறுக்கல. ஆனா ஹெட்ஃபோன்ல இடது காதுக்கு இடது மட்டும், வலதுக்கு வலது மட்டும். ஸ்பீக்கர்ல ரெண்டு காதும் ரெண்டையும் கேக்கும். அதனால ஹெட்ஃபோன்ல இடம் பிரிச்சு வைக்கிறது எப்பவும் மிகையாத் தெரியும், எதிரொலி எவ்வளவு விடணும்னு பிடிபடாது, நடுவுல நிக்கிற குரல் மண்டைக்குள்ள உக்காந்துக்கும். நாலு பேர் கோரஸ் பாடுற இந்த மாதிரி பாட்டுக்கு அது கஷ்டம்.

அப்புறம் காது களைச்சுப் போகும். மூணு மணி நேரம் ஹெட்ஃபோன்ல மிக்ஸ் பண்ணிட்டு நான் செஞ்ச வேலையை மறுநாள் நானே அழிச்சிருக்கேன்.

காதுக்குள்ள

அஞ்சு வருஷமா என் மிக்ஸை யாரும் குறை சொல்லல. ஆனா சரி, எதிரொலி விஷயத்துல ஒத்துக்கிறேன், எனக்கும் எப்பவும் கூடிப் போகுது.

ஹெட்ஃபோன் வாங்குறவங்களுக்கு ஒண்ணு: ரெக்சின் மாதிரி மெத்தை போட்டது கடல்காத்துக்கும் வேர்வைக்கும் உரிஞ்சு காதெல்லாம் கறுப்பா ஒட்டும். துணி மெத்தை வச்சதா வாங்குங்க.

ஒன்பது கல்

தேவிபட்டினத்துல இருந்து. நான் பிள்ளைங்களுக்குக் கதை படிச்சுப் பதிவு பண்றவ, பாட்டுக்காரி இல்ல. ப்ரீசோனஸ் எரிஸ் 3.5தான் வச்சிருக்கேன். ஒண்ணுலதான் ஆம்ப், இன்னொண்ணுக்கு அதுல இருந்து ஒயர் போகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ அதுல எதிர்பார்க்கக் கூடாது, பேச்சுக்கு அது தேவையும் இல்ல. பேச்சு மட்டும் பண்றவங்க இந்த இழையைப் படிச்சுட்டுப் பயந்து 40 ஆயிரத்தைக் கொட்டாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்.

தம்பி, பதிவு பண்ணும்போது பாடுறவங்களுக்கு மெட்டை எதுல கேக்க விட்டீங்க? ஸ்பீக்கர்ல விட்டிருந்தா அது மைக்குக்குள்ளயும் போயிருக்கும், பாருங்க. அதுக்கு மூடின வகை ஹெட்ஃபோன்தான் லாயக்கு.

தங்கச்சிமடத்தான்

மெட்டு எதுவும் விடல அக்கா. அவங்க பாட்டுக்குத்தான் நான் தாளம் தேடணும், அவங்க கிளிக் கேட்டுப் பாடுற ஆளுங்க இல்ல. "காதுல என்னடா டொக்கு டொக்குங்குது"ன்னு தாத்தா கழட்டி எறிஞ்சுட்டாரு.

மைக்செட் காக்கா

அதுதான் சரி. வலையோட இழுவைதான் அம்பாவுக்குத் தாளம். கச்சான் காத்து அடிக்கிற அன்னைக்கு ஒரு வேகம், கொண்டல் காத்துல ஒரு வேகம்.

பேஸ்_பாண்டி

முட்டை அட்டை ஒட்டினா சரியாயிடுமா? யூடியூப்ல ஒருத்தர் அறை முழுக்க ஒட்டியிருந்தார்.

மைக்செட் காக்கா

நானும் ஒட்டினேன், 2004ல. கரப்பான் குடும்பம் நடத்துச்சு. சத்தத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்ல.

உச்சிப்புளி

காக்கா சுருக்கமாச் சொல்லிட்டார். முட்டை அட்டையும் ஒரு இஞ்ச் ஃபோமும் மேல் சத்தத்தை மட்டும் தின்னும். 57 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 6 மீட்டருக்கு மேல. அதுக்கு ஒரு இஞ்ச் ஃபோம் இருக்கிறதே தெரியாது. மேல் சத்தம் போய், பேஸ் மட்டும் நின்னா அறை இன்னும் மந்தமாயிடும்.

தங்கச்சிமடத்தான் செய்ய வேண்டியதை, காசு செலவாகாத வரிசையில சொல்றேன்.

மேசையை நடுவுல இருந்து எடுங்க. ஒரு சுவரைப் பார்த்து உக்காந்து, அந்தச் சுவர்ல இருந்து உங்க காது மூணே முக்கால் அடி தள்ளி இருக்கிற மாதிரி வைங்க. நீளத்துல 38 சதவீதம்னு சொல்வாங்க. வேதவாக்கு இல்ல, அங்க ஆரம்பிச்சு ஒரு சாண் முன்ன பின்ன நகந்து பாருங்க. நடுவையும் பின் சுவரையும் விட்டு விலகினாலே பாதி வியாதி போகும். இடது வலதுல மட்டும் சரியா நடுவுல இருக்கணும். ஒரு பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறந்த ஜன்னலுமா இருந்தா ஸ்டீரியோ சாஞ்சிடும்.

ரெண்டு ஸ்பீக்கரும் உங்க தலையும் சம பக்க முக்கோணம். ட்வீட்டர் காது உயரத்துக்கு. மேசை மேல வச்சா அடியில செங்கல்லோ கனமான ரப்பரோ போட்டு உயர்த்துங்க, மேசையே பாடக் கூடாது.

சுவர்ல இருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறதுங்கிறதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பின்னாடி போன பேஸ் சுவர்ல பட்டுத் திரும்பி வந்து முன்னால போறதை ஒரு எண்ணுல அழிக்கும். கோனுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை நாலால பெருக்கி, ஒலி வேகத்தை அதால வகுத்தா அந்த எண் வரும். மூணு அடி தள்ளினா 95 பக்கம், அதாவது நேரா குரலோட அடியில. ஒரு அடின்னா 285 பக்கம் போயிடும், அங்க குழி ஆழமும் குறையும், பஞ்சு வச்சே சரி பண்ணலாம். அதனால சின்ன அறையில ரெண்டுங்கெட்டானா வைக்காம சுவரை ஒட்டி வைங்க. பின்பக்கம் ஓட்டை உள்ள ஸ்பீக்கர்னா கை நுழையிற அளவு இடம் விட்டாப் போதும். சுவர் பக்கம் பேஸ் கொஞ்சம் கூடும், அதுக்குத்தான் எச்எஸ் 5 முதுகுல 500 ஹெர்ட்ஸுக்குக் கீழ 2 அல்லது 4 டெசிபல் குறைக்க ரூம் கன்ட்ரோல்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு. ஜேபிஎல் 305பி மார்க் 2ல பவுண்டரி ஈக்யூன்னு பேரு. அதெல்லாம் அலங்காரத்துக்கு வச்சது இல்ல.

பீரோவைப் பத்தி எதுவும் சொல்லல நான். 40ல இருந்து 200 வரைக்கும் மெதுவா ஏறுற ஒரு டோனை ஓட விட்டுக் கேளுங்க, அதுவே பேசும்.

தங்கச்சிமடத்தான்

அண்ணே! டோன் ஓட விட்டேன். 83ல பீரோ கதவு 'ஜ்ர்ர்'ன்னுச்சு. 140ல அடுக்களையில எவர்சில்வர் தட்டு. அம்மா ஓடி வந்து நிலநடுக்கமான்னு கேட்டுச்சு. பீரோவை அடுத்த அறைக்குத் தள்ளியாச்சு.

மேசையும் நகத்தியாச்சு. நம்ப முடியல. அதே பாக்ஸ்தான். இத்தனை நாளா எங்க இருந்துச்சு இந்த பேஸ்? 55ல ஏத்தின 6 டெசிபலைத் தட்டி விட்டேன், இப்பவும் கிக் கேக்குது.

மூலைக்குப் பஞ்சு வைக்கணும்னா, ராக்வூல்னு சொல்ற பாறைப் பஞ்சு இங்க எங்க கிடைக்கும்? ராமநாதபுரம் டவுன்ல ரெண்டு கடையில கேட்டேன், தெர்மோகோலை எடுத்து நீட்டுறாங்க.

உச்சிப்புளி

தெர்மோகோல் வேண்டாம், அது சத்தத்தை உறிஞ்சாது. ராக்வூல் மதுரையில ஏசி குழாய்க்கு இன்சுலேஷன் போடுறவங்க கிட்ட விசாரிங்க. துணி சுத்தாம வைக்காதீங்க, மூச்சுல போகும், தோல்ல அரிக்கும்.

அது வரைக்கும் வீட்ல பழைய இலவம்பஞ்சு மெத்தை இருக்கா? சுருட்டி, கயிறு கட்டி, நாலு மூலையிலயும் தரையில இருந்து நிக்க வைங்க. 57ஐ அது அடக்காது, பொய் சொல்ல மாட்டேன். 100க்கு மேல நல்லாவே தெரியும். அப்புறம் நீங்க உக்காந்துக்கிட்டு, ஒருத்தரைப் பக்கச் சுவரோரமாக் கண்ணாடியைப் பிடிச்சு நகத்தச் சொல்லுங்க. எந்த இடத்துல கண்ணாடிக்குள்ள ஸ்பீக்கர் தெரியுதோ அந்த இடத்துல கனமான ஜமுக்காளத்தை மடிச்சுத் தொங்க விடுங்க, சுவரை ஒட்டாம ஒரு கை இடைவெளி விட்டு.

ஒன்பது கல்

மெத்தையை மாசம் ஒரு தடவை வெயில்ல போடுங்க தம்பி. ஐப்பசி கார்த்திகை ஈரத்துல பூசணம் பிடிச்சு, எனக்கு இருமல் வந்து ஒரு மாசம் குரலே போச்சு.

மைக்செட் காக்கா

உப்புக்காத்து விசயம் யாரும் பேசலியே. சென்னைக்காரங்களுக்கு இது தெரியாது, உச்சிப்புளி தம்பி மன்னிக்கணும்.

கடலுக்கு அரைக் கிலோமீட்டருக்குள்ள இருக்கிறவன் ஸ்பீக்கர் வாங்கினா ரெண்டு விசயம் பார்க்கணும். கோனைச் சுத்தி இருக்கிற வளையம் ரப்பரா ஃபோமா? ஃபோம்னா சில வருசத்துல விரல் பட்டாலே உதிரும். ஒரு தடவை செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜோடி வாங்கி வந்தேன், பேர் வேணாம். கடையில நல்லாப் பாடுச்சு. வீட்டுக்கு வந்து வலையைக் கழட்டினா வளையம் மாவா கொட்டுது. இன்னொண்ணு, பின்னாடி இருக்கிற சாக்கெட். இங்க ஜாக்கு, பின் எல்லாம் பச்சை பூத்துடும். ஒரு பக்கம் சத்தம் வந்து வந்து போகும், ஆம்ப் போச்சுன்னு நினைச்சு மெக்கானிக் கிட்ட தூக்கிட்டு ஓடுவாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, ஜாக்கை நாலு தடவை சொருகிச் சொருகி எடுத்தாலே போதும்.

பிளாஸ்டிக் பை போட்டு மூடாதீங்க. ஈரம் உள்ளயே நிக்கும். பருத்தித் துணி போடுங்க. எல்லாத்தையும் விட நல்ல மருந்து, தினம் ஒரு மணி நேரம் ஓட விடுறது. ஆம்ப் சூட்டுக்கு ஈரம் ஒதுங்கும்.

கரண்ட். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ்னா மானிட்டர்ல தேனீ மாதிரி இரையும். சைன் வேவ் வேணும். சும்மாவே 'ம்ம்ம்'னு இரைஞ்சா, ஸ்பீக்கர்ல இருந்து சிக்னல் ஒயரை உருவிப் பாருங்க. நின்னுட்டா ஸ்பீக்கர் மேல குத்தம் இல்ல, ஒயரோ லேப்டாப் சார்ஜரோ. சார்ஜரைப் பிடுங்கினா பாதிப் பேருக்கு அங்கயே நின்னுடும். மூணு பின் எக்ஸ்எல்ஆர் ஒயர் இல்லன்னா மூணு பட்டை டிஆர்எஸ் ஒயர் போடுங்க. இரைச்சல் போகணும்னு பிளக்குல மூணாவது பின்னை உடைச்சு விடுற பழக்கம் நம்ம தொழில்ல உண்டு. அதைச் செய்யாதீங்க. அதுல மேடையில ஷாக் அடிச்சு விழுந்தவங்களைப் பார்த்திருக்கேன். உப்பு மண்ணுல எர்த் நல்லாவே பிடிக்கும், கம்பிதான் சீக்கிரம் துருப்பிடிக்கும். ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை தோண்டிப் பாருங்க.

போடும்போது ஸ்பீக்கர் கடைசி, அணைக்கும்போது ஸ்பீக்கர் முதல்ல. இதை எழுதி மேசையில ஒட்டு தம்பி.

உச்சிப்புளி

காக்கா, நான் மன்னிக்க என்ன இருக்கு, எங்க வீட்டு ஃபேனே துருப்பிடிச்சு விழுந்திருக்கு.

தங்கச்சிமடத்தான், எவ்வளவு சத்தத்துல மிக்ஸ் பண்றீங்க?

தங்கச்சிமடத்தான்

கொஞ்சம் கூடுதலாத்தான். அப்பத்தான் ஒரு இது வருது.

உச்சிப்புளி

அந்த 'இது'தான் ஆளைக் கவுக்கும். சத்தம் கூடக்கூட நம்ம காதுக்கு பேஸும் மேல் சத்தமும் தன்னால கூடித் தெரியும். ஃபிளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் 1933லயே வளைகோடு போட்டுக் காட்டினது. ஏத்தி வச்சுக் கேட்டா எந்த மிக்ஸும் நல்லாத்தான் இருக்கும். பக்கத்துல இருக்கிறவர் கிட்ட குரலை ஏத்தாமப் பேசினா கேக்கணும், அந்த அளவு போதும். போன்ல அளந்தா 73, 75 டெசிபல் பக்கம் வரும். ஆம்ப் குமிழுக்குப் பக்கத்துல பேனாவுல ஒரு கோடு போட்டு அங்கயே நிறுத்துங்க. பேஸை மட்டும் சரிபார்க்க நாளுக்கு ரெண்டு நிமிஷம் ஏத்தலாம். கடைசியா ரொம்பக் குறைச்சு, மின்விசிறிச் சத்தத்துக்குள்ள அமுங்குற அளவுக்கு வச்சுக் கேளுங்க. அப்பவும் தாத்தா சொல்ற வார்த்தை புரிஞ்சா மிக்ஸ் நின்னுடுச்சு.

உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பாட்டை அதே இடத்துல, அதே அளவுல தினமும் முதல்ல கேளுங்க. புது ஸ்பீக்கர் வாங்கினாலும் முதல் ரெண்டு வாரம் மிக்ஸ் பண்ணாதீங்க, பாட்டு மட்டும் கேளுங்க. அது என்ன பொய் சொல்லுதுன்னு காது கத்துக்கணும். பொய் சொல்லாத ஸ்பீக்கர் எந்த விலையிலயும் கிடையாது.

காதுக்குள்ள

நாட்டுப்படகுக்காரங்க வச்சிருக்கிற சின்ன ரேடியோ ஒண்ணு இருக்கே, கடல் ஓசை 90.4 கேக்குறது. வெளிய இருந்து ஒயர் சொருகுற ஆக்ஸ் ஓட்டை அதுல இருந்தா அதுல போட்டுப் பாருங்க. ஒத்தை ஸ்பீக்கர், மோனோ. அந்தக் காலத்து ஸ்டுடியோவுல ஆராடோன்னு சின்னப் பெட்டி ஸ்பீக்கரை இதுக்குத்தான் வச்சிருந்தாங்க.

தங்கச்சிமடத்தான்

சித்தப்பா வள்ளத்துல இருந்த ரேடியோவைக் கழட்டிட்டு வந்து போட்டேன். குரல் நல்லா வருது. ஆனா கோரஸ் காணாமப் போச்சு! 'ஏலேலோ'ன்னு நாலு பேர் பாடுறது எங்கயோ தீவுல இருந்து வர்ற மாதிரி இருக்கு.

உச்சிப்புளி

கோரஸை அகலமாக்க மென்பொருள்ல சேக்குற ஒரு ப்ளகின் போட்டிருப்பீங்க. அதுல சில வகை, ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி விரிக்கும். மோனோவுல ரெண்டும் சேந்தா ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். அதைத் தூக்கிட்டு நாலு பேரையும் கையால இடம் வலமா பிரிச்சு வைங்க.

தங்கச்சிமடத்தான்

மூணு வாரம் கழிச்சு வர்றேன். தடைக்காலம் ஜூன் 14ஓட முடிஞ்சது, காலையில நாலு மணிக்கே இஞ்சின் சத்தம், இனி மிக்ஸிங் மதியம்தான்.

நண்பன் ஒருத்தன் கிட்ட அளக்குற மைக் இரவல் வாங்கி, ஆர்ஈடபிள்யூன்னு இலவச மென்பொருள்ல அளந்தேன். பழைய இடத்துல, நட்ட நடுவுல, 57ல பாதாளம். 114ல மலை. உச்சிப்புளி அண்ணன் ஒரு படமும் பார்க்காம சொன்னது அப்படியே வந்திருக்கு. இப்ப உக்கார்ற இடத்துல 57ல இன்னும் பள்ளம் இருக்கு, ஆனா பாதி ஆழம்தான். 114 கிட்டத்தட்ட சமமாயிடுச்சு, மெத்தை புண்ணியம்.

118ல வெட்டினதை எடுத்தேன். தாத்தா குரல் திரும்பி வந்துடுச்சு. மச்சான் கார்ல போட்டோம், கதவு ஆடல. அவனுக்குத்தான் வருத்தம்.

இன்னும் கொஞ்சம் காசு சேத்து எச்எஸ் 5 ஜோடி வாங்கிட்டேன். வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு, ஆன்லைன்ல பல இடத்துல போட்டிருக்கிற விலை ஒத்தை ஸ்பீக்கருக்கு. நான் ஜோடின்னு நினைச்சு ஒரு நாள் முழுக்க சந்தோஷமா இருந்தேன். முதுகுல ஸ்விட்சை மைனஸ் 2ல வச்சிருக்கேன். காக்கா சொன்னதை எழுதி ஒட்டியாச்சு. பழைய பாக்ஸ் அம்மாவோட டிவிக்குப் போயிடுச்சு.

ஒரே ஒரு சந்தேகம். அறைக் கதவைத் திறந்து வச்சு அளந்தா 57ல இன்னும் 3 டெசிபல் சரியாகுது. இது உண்மையா, இல்ல நான் தப்பா அளந்தேனா?

உச்சிப்புளி

உண்மைதான். கதவு வழியா பேஸ் வெளிய போகுது, பழைய ஓலைத் தட்டி மாதிரி. திறந்தே வச்சு மிக்ஸ் பண்ணுங்க.

தங்கச்சிமடத்தான்

பண்ணலாம்ணே. ஆடு உள்ள வந்து மெத்தையைத் திங்குது.